காலை எடு

டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னால் விடும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கம் போகும். இது எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆயிற்று. தேங்காய்த்திட்டுப் பக்கம் ஆற்றங்கரையில் படகு இறக்கும் சிமெண்டுச் சரிவில் நான் கோணல்மாணலாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, அங்கே மீன் வாங்க வரும் அம்மா ஒருவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ ஒரு பக்கம் திருப்புற, அது ஒரு பக்கம் போவுது. எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்குது தம்பி உன் வண்டி."

யார் எதைச் சொன்னாலும் நான் மறப்பதில்லை. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இப்படி வழியில் பொறுக்கியது.

வண்டி என்னுடையது. ஒரு பிக்கப். வாரம் முழுக்க பீரோ, கட்டில், மெத்தை ஏற்றிக்கொண்டு மூலக்குளத்துக்கும் டவுனுக்கும் அலையும். பின்சக்கரம் இரண்டும்தான் வண்டியைத் தள்ளும்; முன்சக்கரம் சும்மா வழிகாட்டுவதோடு சரி. பாரம் ஏற்றினால் வண்டி யானை. காலியாக இருந்தால் பின்புறம் எடையே இல்லாமல் துள்ளும். படகுச் சரிவில் இதுதான் தொல்லை. பின்னால் இறங்கி நிறுத்தும்போது, சும்மா உருளும் முன்சக்கரம் காய்ந்த சிமெண்டில் நிற்கும். உழைக்க வேண்டிய பின்சக்கரம் தண்ணீர் ஓரத்துப் பாசியில் நிற்கும். இதைச் சொல்லி நான் ஒருநாள் அலுத்துக்கொண்டபோது, பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லா எடத்துலயும் அப்பிடித்தான் நடக்குது. உன் வண்டிய மட்டும் ஏன் கொறை சொல்ற?" என்றார்.

படகு என் மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் கணவர். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பல தேசம் சுற்றி, பென்ஷனோடு திரும்பி வருகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் சொல்தா. அக்காவும் கல்யாணமான கையோடு அவர் பின்னாலேயே போனவள். நான் டவுசர் போட்டிருந்த காலத்தில் போனவள், எனக்கு முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகு திரும்பி வந்தாள். மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டினார்கள். காலையில் அவள் குரல் காதில் விழும் தூரம். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஆனால் மாமாவுக்கு உட்கார முடியவில்லை. விடிவதற்குள் எழுந்து ஷேவ் செய்து, சட்டையை இன் செய்து, எங்கே போவது என்று தெரியாமல் மாடிக்கும் வாசலுக்கும் நடப்பார். கேட்டின் கீலுக்கு எண்ணெய் விடுவார். மறுநாளும் விடுவார். "இந்த மனுசன் நடக்கிற நடைக்கு மொசைக்கு தேயுதுடா" என்பாள் அக்கா. அவர்கள் பையன் பிரெஞ்சு தேசத்திலேயே வேலையில் இருந்தான். போன் செய்யும்போதெல்லாம், இங்கே வந்துவிடுங்கள், தோட்டத்தோடு வீடு பார்க்கிறேன் என்பான். போனை வைத்ததும் மாமாவின் நடை இன்னும் வேகமாகும்.

அதற்குத்தான் படகு வாங்கினார். சின்ன பைபர் படகு, பின்னால் ஒரு மோட்டார். வில்லியனூர் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் டிரெய்லர் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியோடு போவேன். படகை இறக்குவோம். முகத்துவாரம் வரை போய்த் தூண்டில் போட்டு, மத்தியானம் ஏற்றிக்கொண்டு வருவோம். அந்த ஒரு நாள் அவர் நடக்க மாட்டார். படகில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அக்காவுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. அதனால் கரையிலேயே, சரிவின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைத் திட்டிக்கொண்டிருப்பாள். ஆனாலும் வராமல் இருந்ததில்லை.

சரிவில் எல்லாம் மாமா சொல்வதுதான். அவர் வாயில் தமிழும் பிரெஞ்சும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். மெதுவாக விடு என்பதற்கு "துஸ்மா, துஸ்மா!" என்று கத்துவார். முதல் நாள் நான் அதை ஏதோ தூசு என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். கொஞ்ச நாளில் கரையில் இருந்தவர்களெல்லாம் அவரையே துஸ்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "துஸ்மா வரலையா இன்னிக்கு?" அவருக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கோபம் வந்தால் மீசை துடிக்கும், துடிக்கவில்லை.

சுனாமி வந்துபோய் இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு ஐப்பசி. அந்த வாரம் படகை வீட்டுக்கு ஏற்றிவராமல் ஆற்றிலேயே கட்டிப் போட்டிருந்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் மூணாம் நம்பர் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று காலையில் செய்தி வந்தது. புயல் வந்தால் ஆற்றில் கட்டிய படகு கட்டின இடத்தில் இருக்காது. நான் வண்டியோடு போனபோது மாமா வாசலில் ரெயின்கோட்டோடு நின்றிருந்தார். அக்கா கையில் போன். அந்தப் பக்கம் பையன்.

"டிக்கெட்டு போடட்டுமான்னு கேக்குறான். இன்னிக்குள்ள சொல்லணுமாம்" என்றாள்.

மாமா என்னைப் பார்த்துத்தான் பேசினார். "மச்சான், அந்த போட்டும் போச்சுன்னா எனக்கு இங்க வேலை இல்ல. பிளேன் ஏறிடுவேன்."

"சாயங்காலம் சொல்றேன்டா கண்ணு" என்று போனை வைத்துவிட்டு அக்கா புடவையைத் தூக்கிச் செருகினாள். "நானும் வரேன்."

வண்டியில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். வைப்பர் ஒரு பக்கம்தான் துடைத்தது. எனக்குப் பயமாக இருந்தது. படகுக்காக இல்லை. சாயங்காலம் அக்கா என்ன சொல்வாளோ என்றுதான்.

கரையில் எல்லோருக்கும் அவசரம். மீனவர்கள் தங்கள் படகுகளைக் கயிறு போட்டு மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பழுப்பாகச் சுழித்து ஓடியது. மாமா மட்டும் நீந்திப் போய்ப் படகில் ஏறினார். மோட்டாரில் படகை ஓட்டிவந்து தண்ணீரில் நிற்கும் டிரெய்லர் மேல் ஏற்ற வேண்டும். நான் வண்டியைப் பின்னால் இறக்கி, டிரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹேண்ட் பிரேக் என் வண்டியில் பேருக்குத்தான். அதற்காகப் பின்சக்கரம் உருளாமல் அண்டக் கொடுக்க ஒரு முக்கோண மரக்கட்டை உண்டு. எப்போதும் மாமாதான் அதைப் போடுவார், எடுப்பார். அன்றைக்கு அவர் படகில். அதனால் அக்கா சரிவின் உச்சியிலிருந்து இறங்கி வந்து, கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, பாசியில் வழுக்காமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படகு வந்தது. டிரெய்லரில் முட்டியது. ஏறவில்லை. தண்ணீர் போதவில்லை, வண்டி இன்னும் ஒரு முழம் பின்னால் வர வேண்டும். காற்றில் மாமாவின் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"காலை எடு! காலை எடு!"

எடுத்தேன்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அதே நொடியில் பின்னால் அக்கா கட்டையை எடுத்தாள். அண்டக் கொடுக்கும் கட்டைக்குப் பிரெஞ்சில் 'கால்' என்று பெயராம். அவர்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். அந்த ஊரில் பனிக்காலத்தில் கார் சக்கரத்துக்கு எத்தனையோ தரம் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கால் இரண்டே இரண்டுதான். இரண்டும் என் உடம்போடு ஒட்டியிருந்தன.

வண்டி சறுக்கியது. மறுபடி பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பாசியில் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் அக்காவைக் காணவில்லை. பின்சக்கரம் முக்கால்வாசி மூழ்கியபோது ஏதோ கல்லில் தட்டி வண்டி நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், இடுப்பளவு தண்ணீரில் அக்கா நிற்கிறாள். ஒரு கையில் கட்டை. இன்னொரு கையில் படகின் கயிறு. படகோ டிரெய்லர் மேல், அளந்து வைத்ததுபோல் அழகாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

"யாருடா உன்னக் கால எடுக்கச் சொன்னது?" என்று கத்தினாள்.

"மாமாதாங்கா!"

"அவரு எங்கிட்டதாண்டா சொன்னாரு!"

"என் காலு எங்கிட்டதான இருக்குது? உங்கிட்ட எப்பிடிச் சொல்வாரு?"

மாமா படகின் நுனியில் நின்று, "அத்தாந்தே! அத்தாந்தே!" என்றார். பொறு என்று அர்த்தம். அதற்குமேல் பொறுக்க ஒன்றும் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்சக்கரம் பாசியைக் கடைந்தது. சைலன்சர் தண்ணீருக்குள்ளிருந்து குபுகுபு என்றது. வண்டி ஒரு விரற்கடை ஏறி இரண்டு விரற்கடை இறங்கியது.

"நிறுத்து நிறுத்து. மிதிச்சியின்னா இன்னும் உள்ள போயிடும்" என்று வலைக்காரர் ஓடி வந்தார். அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார். தம் படகின் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு அவரோடு நாலைந்து பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் பின்டயரில் பாதிக் காற்றை இறக்கினார். ஒருவர் பழைய சாக்குகளைச் சக்கரத்துக்கு முன்னால் காலாலேயே அமுக்கினார். வலைக்காரர் வண்டியின் காலிப் பின்தளத்தைத் தட்டிப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணுமே இல்லியே. வெயிட்டு குடுத்தாத்தான் சக்கரம் புடிக்கும். ஏறுங்கய்யா எல்லாரும்!"

ஈர வலையை அள்ளிப் போட்டார்கள். ஐஸ் பெட்டிகளைத் தூக்கி வைத்தார்கள். ஆட்கள் ஏறி பின்கதவு ஓரமாக நெருக்கி உட்கார்ந்தார்கள். மீன் வாங்கும் அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"என்னத் தூக்கி வுடுங்க. இந்த ஒடம்ப வச்சிக்கினு இத்தினி வருசம் என்னா பண்றதுன்னு தெரியாம இருந்தேன்."

அவரை ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பியதை நான் ஸ்டீயரிங்கில் உணர்ந்தேன். அக்காவும் ஏறுவாள் என்று பார்த்தேன். அவள் ஏறவில்லை. தண்ணீரிலேயே நின்று, "நான் பின்னாடியே கட்ட போட்டுக்கினு வரேன். நீ பாத்து வுடு" என்றாள். தண்ணீரைக் கண்டால் பத்தடி தள்ளி உட்காருகிற என் அக்கா.

இரண்டாவது கியர். மெல்ல. பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சேர்ந்து, "துஸ்மா! துஸ்மா!" என்று கத்தினார்கள். சாக்கில் சக்கரம் கவ்வியது. ஒரு முழம் ஏறியது. "போட்டுட்டேன்!" என்று அக்கா குரல். கட்டை விழுந்த சத்தம். மறுபடி ஒரு முழம். மறுபடி அவள் குரல். மழை வலுத்தது. எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் அவள் குரல் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே மிதித்தேன். முன்சக்கரம் சரிவின் உச்சியைத் தாண்டியபோது வண்டி குதித்து நின்றது. பின்னால் மீன்காரம்மா, "யப்பா, நான் எறங்கினா வண்டி திரும்பப் பின்னாடி போயிடாதே?" என்றார்.

ஒரு சிரிப்பு எழுந்தது. மாமாவும் சிரித்தார். படகிலேயே உட்கார்ந்து, ஆற்றுக்குள்ளிருந்து ஊர்வலம் வந்ததுபோல் மேலே வந்திருந்தார். பிறகு அவர் இறங்கி, வலைக்காரரின் படகை மேலே இழுக்கப் போனார். நாங்களும் போனோம். ஏலேலோ இல்லை, ஒன்றும் இல்லை. எல்லோரும் துஸ்மா போட்டே இழுத்தார்கள். ஒரு படகு முடிந்ததும் இன்னொன்று. மாமா சட்டை கிழிந்து, முழங்கால் சிராய்ந்து, ஒவ்வொரு கயிற்றுக்கும் முதல் ஆளாக ஓடினார். யார் யாரோ அவர் தோளில் கை போட்டார்கள். அவர் நடையை அன்றைக்குப் பார்த்தேன். வீட்டு மொசைக்கைத் தேய்த்த அதே வேகம்தான், ஆனால் ஒவ்வொரு நடையும் ஒரு கயிற்றில் போய் முடிந்தது.

மாமாவும் நானும் வண்டியிடம் திரும்பி வந்தபோது அக்கா அதன் மறைவில் ஒதுங்கி, புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். கட்டை இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"இனிமே தமிழ்ல சொல்லுங்க. கட்டைன்னு சொல்லுங்க. இன்னொரு வாட்டி கால எடுன்னு சொன்னீங்கன்னா என் தம்பி காலு எகிறிடும்" என்றாள்.

"கட்ட" என்றார் மாமா, பரீட்சைக்குப் படிப்பதுபோல். "கட்ட. கட்ட."

அக்கா அவரைப் பார்க்காமல், தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "புள்ளைக்குச் சாயங்காலம் போன் பண்ணணும். என்னா சொல்ல?"

நான் டிரெய்லர் கொக்கியை ஆட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மாமா ஆற்றைப் பார்த்தார். மேலே ஏறி வரிசையாகக் கிடந்த படகுகளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த மரத்துண்டைப் பார்த்தார்.

"இந்தக் கட்ட இங்கதான் வேவும்னு சொல்லு."

எந்தக் கட்டையைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. கையில் இருந்ததையா, தன் உடம்பையா? அக்காவுக்குப் பிடிபட்டது. அவள் கையிலிருந்ததைக் குலுக்கினாள், தண்ணீர் சொட்டியது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டுமே ஈரம். இப்போதைக்கு எங்க வேவப் போவுது? வண்டில ஏறுங்க, ஜொரம் வந்துடப் போவுது."