ஆறாம் நாள் வந்த செல்வி

1. திட்டிய நாள்

கிராம சுகாதார செவிலியராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நான் ஏற்காடு கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள். கடைசி நான்கு வருடம் செம்மநத்தம் தாண்டி ஒரு துணை சுகாதார நிலையத்தில் போட்டார்கள். அங்கே சேர்ந்து ஒரு வருடம் ஆன சமயம், ஒரு தடுப்பூசி நாளில், பத்துப் பேர் பார்க்கச் செல்வியைத் திட்டினேன்.

"ஏன் கண்ணு, ரெண்டாம் நாள் வான்னா ரெண்டாம் நாள் வரணும். மூணாவது தடவையா ஆறாம் நாள் வந்து நிக்கறே. உனக்குக் குழந்தை வேணுமா, வேண்டாமா?"

ஈரத்தலையோடு நின்றாள். "வர முடியலீங்க" என்று மட்டும் சொன்னாள்.

செல்விக்கு இருபத்தேழு வயது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும், மூன்று மாதமும் ஆகும். சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் நான்தான் அனுப்பினேன். ஸ்கேனில் பி.சி.ஓ.எஸ். என்று தெரிந்தது. நம் ஊரில் சினைப்பை நீர்க்கட்டி என்பார்கள். கட்டி என்றதும் செல்வி அழுதுவிட்டாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இது புற்றுக்கட்டி இல்லைம்மா. முட்டை வளர ஆரம்பிச்சு பாதியில நின்னுடுது, அவ்வளவுதான். ஆபரேஷன் எல்லாம் வேணாம். முட்டை முழுசா வளர்றதுக்கு மாத்திரை இருக்கு."

கணவன் வெள்ளையன் டெஸ்டுக்கு வர முரண்டு பிடித்தான். "ஆம்பளைக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?" என்றான். "ஒத்தைக் கை தட்டுனா ஓசை வருமா சாமி?" என்று கேட்டேன். போய் வந்தான். அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா சொன்ன ஏற்பாடு இதுதான். மாதவிலக்கு வந்த இரண்டாம் நாள் சேலம் வர வேண்டும். ஸ்கேன், ரத்த டெஸ்ட் பார்த்துவிட்டு அன்றே மாத்திரை தொடங்க வேண்டும். சேலத்துக்கு நான்தான் கூட்டிப்போவதாக இருந்தேன். மூன்று முறையும் செல்வி ஆறாம் நாள்தான் என்னிடம் வந்தாள். ஒரு முறை தவறினால் அடுத்தது எப்போது என்று அவள் உடம்புக்கே தெரியாது. அப்படியே ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது.

அன்று அவள் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். "இனி வர்லீங்க நர்சம்மா. தை கழிஞ்சா அவுங்களுக்கு வேற பொண்ணு பாக்கறதாப் பங்காளிங்க பேசிட்டாங்க. பாத்துக்கட்டும்."

அவள் போன பிறகு ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேராக 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும்.

2. சண்டை போடப் போனேன்

எழுதிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. மாமியார்தான் விடமாட்டேன் என்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமியார் பாப்பாத்தி வாசலில் ராகி காய வைத்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டேன்.

"ஏனுங்க, தூரமானா மருமகள அஞ்சு நாளும் அடைச்சு வெச்சா வைத்தியம் எப்படிங்க பாக்கறது?"

அவர் ராகியைத் துழாவுவதை நிறுத்தவில்லை. "நான் எங்கீங்க அடைச்சேன்? ஊட்டுக்குத் தூரமானா மாரியாத்தா கோயிலு முன்னால கால் வெக்கக்கூடாதுங்க. ஜீப்பு ஏறோணும்னா கோயிலத் தாண்டித்தான் போவோணும். அஞ்சு நாளும் முடிஞ்சு, ஆறாம் நாளு காலையில தலைக்குத் தண்ணி வாத்துட்டுப் போறா."

இந்தப் பெண்கள் அந்த நாட்களில் தனியாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ரோட்டைக்கூடத் தாண்ட மாட்டார்கள் என்று தெரியாது. ஒரு வருடமாக அந்தக் கோயில் முன்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு போய் வருகிறவள் நான்.

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலீங்களே. இதெல்லாம் நாமளாப் போய்ச் சொல்ற சங்கதிங்களா?"

எனக்கு முகம் சுட்டது. பிறகு அவர் என்னைக் கேட்டார், "ஏனுங்க நர்சம்மா, ஆறாம் நாளு போனா ஆகாதுங்களா?"

அப்போதுதான் புரிந்தது. மாமியார் தடுப்பார் என்று பயந்து, இரண்டாம் நாள் கணக்கைச் செல்வி வீட்டில் வாய் திறக்கவே இல்லை. நான் விளக்கிச் சொன்னேன். பாப்பாத்தி அப்போதுதான் ராகியிலிருந்து கையை எடுத்தார்.

"கோயிலு முன்னால போறதுதானுங்களே ஆகாது? பின்னால எஸ்டேட்டு இருக்குது. காப்பித் தோட்டத்துல எறங்கிப் போனா அரை மணியில தார் ரோடு. நான் கூட்டியாறேன். ஆத்தாளுக்கும் குத்தமில்ல, அவளுக்கும் நேரம் தப்பாது."

சண்டைக்குப் போனவள் காப்பி குடித்துவிட்டு வந்தேன். வருகிற வழியில் எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் ரைட்டரைப் பார்த்து, இவர்களைக் கேட்டில் தடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

3. காப்பித் தோட்டத்து வழி

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. "வந்துருச்சுங்க நர்சம்மா" என்றாள் செல்வி.

மறுநாள் விடிந்ததும் தார் ரோட்டில் நின்றேன். காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து முதலில் ஒரு கொடுவாள் வந்தது, பிறகு பாப்பாத்தி, அவருக்குப் பின்னால் செல்வி. இருவர் சேலையும் பனியில் முழங்கால் வரை நனைந்திருந்தது. "நான் வழி காட்டத்தான் வந்தனுங்க" என்ற பாப்பாத்தி, பஸ் வந்ததும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் மருமகள் வாந்தி எடுக்கவில்லை, மாமியார் எடுத்தார்.

மாத்திரை தொடங்கியது. முதல் தடவை முட்டை வளரவில்லை. டாக்டரம்மா மாத்திரை கொடுத்து அடுத்த மாதவிலக்கை வரவழைத்தார், அளவையும் கூட்டினார். மறுபடியும் அதே தோட்டம், அதே கொடுவாள். மூன்றாவது தடவை ஸ்கேனில் முட்டை நன்றாக வளர்ந்திருந்தது. அதற்குள் தை பிறந்துவிட்டது. பங்காளிகள் வந்து பேச்செடுத்தபோது வெள்ளையன், "வைத்தியம் நடக்குது, முடியட்டும்" என்றானாம். அவன் அவ்வளவு பேசியதே அதிசயம்.

பிறகு நாள் தள்ளியது. மற்ற பெண்களாக இருந்தால் அன்றே சர்க்கரை கொடுத்திருப்பார்கள். செல்விக்கு நாள் தள்ளுவது புதிதில்லையே. யாரும் மூச்சு விடவில்லை. நிலையத்தில் நான் கார்டு டெஸ்ட் போட்டேன்.

"ரெண்டு கோடு வந்தா நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லது கண்ணு. நொம்ப நல்லது" என்றேன். அவள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாப்பாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூவரும் அழுதோம். ஏழெட்டு மாதம் வீணாக்கினோமே என்ற பாரம் அன்றுதான் என் நெஞ்சிலிருந்து இறங்கியது.

பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிந்து, ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் கோயில் வழியாகவே தூக்கி வந்தார்கள்.

அன்று மாலை ரிஜிஸ்டரைத் திறந்து 'ஒத்துழைப்பு இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'நான் கேட்கவில்லை' என்று எழுதினேன். பக்கத்தைப் புரட்டினால் இன்னும் இரண்டு பேருக்கு நேராக, முத்து முத்தான கையெழுத்தில், அதே வரி. ஒருவர் வராவிட்டால், வராததை எழுதுவதற்கு முன்னால், எந்த வழியாக வர வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் மறுநாளே போனேன். தனியாகப் போகவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் பாப்பாத்தி உட்கார்ந்திருந்தார்.