உச்சமுனைப் படகு

தில்லையடியில் கணினி படிப்பிக்கும் நாங்கள் பகிடிக்கு ஒரு போட்டி வைத்தோம்: வேண்டுமென்றே மிக மோசமாக எழுதிய கணினி நிரலுக்குப் பரிசு. நடுவர் நான். உச்சமுனைத் தீவிலிருந்து படகில் வந்த ஆசிரியை ஒருவர், உப்புக்காற்றில் வெளுத்த குடையை அறைக்குள்ளும் மடியை விட்டு இறக்கவில்லை. அவருடைய நிரல் படகு புறப்படும் நேரத்தைச் சொல்ல வேண்டும். அதுவோ, "இன்னும் ஆள் வரவேணும்" என்பதையே ஓயாமல் காட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. முதற்பரிசு அவருக்கே என்றேன்.

"வேணாம் சேர். மோசமா எழுதத்தான் பாத்தன், சரியா வந்துட்டு. எங்கட ஊர்ப் படகும் ஆள் நிறையாமப் போகாதே."

பரிசு வேறொருவருக்குப் போனது.

சென்ற மாதம் உச்சமுனைக்குப் போகக் கல்பிட்டியில் படகேறினேன். உச்சி வெயில். எப்போது புறப்படும் என்று கேட்டேன்.

"இன்னும் ஆள் வரவேணும்," என்றார் படகுக்காரர்.

என்னிடம் குடை இருக்கவில்லை.