இஞ்சின் கொட்டகைச் சுருதி

1974 ஆகஸ்டு பத்தாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி ஐந்து நிமிடம், தூறல். சுங்காய் என்ற ஊருக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்து இஞ்சின் கொட்டகையிலிருந்து டீசல் வாசனை கிளம்பி தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளுக்குள் நுழைந்ததும், 'கரண்டு வந்திருச்சி' என்று பிள்ளைகள் கூவ, நான் இரவல் டேப் ரெக்கார்டரின் பொத்தானை அமுக்கினேன். அடுப்புப் புகைக்கு நடுவே பியானோ ஒலித்தது.

ஈப்போவில் விடுதியில் தங்கிப் படித்த எனக்கு அப்போது பதின்மூன்று வயது. விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை பள்ளிகளுக்கிடையே பாட்டுப் போட்டி. வீட்டிலேயே பியானோ வைத்திருந்த நான்கு நகரத்துப் பையன்களை விட்டுவிட்டு, இசையாசிரியை மிஸ் லிம் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். பாட வேண்டியது ஓர் இத்தாலிய ஓபெராப் பாட்டு. தோட்டத்தில் பியானோவுக்கு எங்கே போவான் என்று, தாமே வாசித்துக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். குரல் உடையும் வயது. அடுத்த ஆண்டு என்று ஒன்று எனக்கு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஓரிடத்தில் பதினாறு தாளத் தட்டு வரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டிலேயே முட்டியது. பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் பலகைச் சுவரைத் தட்டி, "என்னாலா தம்பி, ஆட்டுக்குட்டிக்கு வயித்து வலியா?" என்பார். விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிற அம்மா தூக்கத்தையும் விட்டு எனக்காகப் பதில் கொடுப்பார்: "ஒங்க கொறட்டைக்கு இது எவ்வளவோ தேவலாம்ண்ணே! நீ பாடுடா." விடுமுறை முடிவதற்குள் பதினாறும் வசமானது.

போட்டியன்று காலை பஸ் பிடித்து நேரே மண்டபத்துக்குப் போனேன். மேடையில் மிஸ் லிம் வாசிக்கத் தொடங்கினார். பியானோ விரைந்து ஓடியது. சுருதியும் எனக்குப் பழகியதைவிட மேலே நின்றது. தவறாக வாசிக்கிறார் என்றே நினைத்தேன். நிறுத்தச் சொல்ல வழியில்லை, விரட்டிப் பிடித்தேன். உச்ச சுரம் தொண்டையைக் கீறிக்கொண்டு ஏறியது; ஆனால் ஏறிவிட்டது. அந்த நீண்ட இடம் முடிந்த பிறகும் நெஞ்சில் மூச்சு மிச்சமிருந்தது. முதல் பரிசு எனக்கு.

"இவ்வளவு மூச்சை எங்கே வைத்திருந்தாய்?" என்றார் மிஸ் லிம்.

அன்று மாலை விடுதியில் கேசட்டைப் போட்டபோதுதான் புரிந்தது. அங்கேயும் பியானோ விரைந்தே ஓடியது. தோட்டத்தில் நாற்பத்திரண்டு வீடுகளும் ஒரே நேரத்தில் விளக்கைப் போட, கிழட்டு இஞ்சின் திணறி, அதோடு டேப்பும் தளர்ந்து ஓடியிருக்கிறது. அத்தனை நாளும் தேவைக்கு மேல் நீளமாக இழுத்துப் பழகியிருக்கிறேன். ஊருக்குப் போய்ச் சொன்னபோது முனியாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப நாங்க லைட்டு போட்டதுக்கும் பரிசுல பங்கு உண்டுலா!" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய்க்கான செம்பனை. மூன்று முறை தேடிப் போயும் கொட்டகை நின்ற இடம் எனக்குப் பிடிபடவில்லை. போன மாதம் ஈப்போவில் ஒரு கடையில் அந்தக் கேசட்டைக் கைப்பேசிக்கு மாற்றக் கொடுத்தேன். பியானோ சரியான வேகத்தில், பளிச்சென்று வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, மெதுவாக்கச் சொன்னேன்.

"அங்கிள், சுருதி எறங்கிடும்லா," என்றார் கடைக்காரர்.

"எறங்கட்டும் தம்பி. இன்னும் கொஞ்சம்."

அந்தப் பழைய நடை வந்ததும், அங்கேயே நின்று பாடினேன். எட்டாம் தட்டிலேயே மூச்சு முட்டிவிட்டது. ஆனாலும் சுருதி விலகவில்லை, கடைக்காரர் கைதட்டினார்.

மாற்றியதற்கு நாற்பது ரிங்கிட், மெதுவாக்கியதற்குப் பதினைந்து. வெளியே வந்தால் கார்க் கண்ணாடியில் பார்க்கிங் அபராதம் பத்து. ஆக, அறுபத்தைந்து ரிங்கிட்.