கறுப்பருக்கு நேர்ந்த சேவலும் அமலியும்

போன வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து வந்த, கரியில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர்தான் சொன்னார். ஆவூர் வேதக்கோயில் தேருக்குப் போன அமலோற்பவம் காய்ச்சலில் போய்விட்டாள். நம் அமலி. முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கடைசி பெஞ்சுக்காரிகளைவிட அதிகம் பேசியவள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவளைப் பற்றி நான் வாசிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆத்தா தூங்கிய பிறகு திரியைத் தணித்துவைத்து எழுதுகிறேன். மண்ணெண்ணெய் செலவானதற்கு ஓர் அடி விழும். எழுதியிருப்பதைப் பார்த்தால் அதைவிடப் பெரிதாக விழும். காரணம் ஒரு சேவல்.

அமலியின் அண்ணன் கொடுத்த கல்லை நீங்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். கிடாக்கொம்பு போலச் சுருண்ட கல். அரியலூர்ப் பக்கம், கடலே இல்லாத மண்ணில் கிடைத்தது. "ஒரு காலத்துல கடல்ல உசுரோட திரிஞ்சதுடி இது. இப்ப எந்தக் கடல்லயும் இந்தச் சாதி இல்ல" என்பாள். ஆவூரில் உபதேசியாராக இருக்கும் அவள் பெரியப்பா, நோவா காலத்து வெள்ளத்தில் செத்தது என்றாராம். "வெள்ளம் வந்தா ஆடு மாடு சாகும். சிப்பி எதுக்குப் பெரியப்பா சாகணும்? அதுக்குக் கொண்டாட்டமுல்ல?" என்று கேட்டு முழங்காலில் நின்றாள். நின்றபடியே சிரித்தாளாம்.

ஒருநாள் எங்கள் கடலைக் கொல்லையில் வெட்டுக்கிளி தேடவைத்தாள். செடியில் இருந்தவை செடியின் பச்சை. செம்மண் வரப்பில் இருந்தவை செம்மண் நிறம். "சாமி எடம் பாத்துச் சாயம் பூசினாரா?" என்றேன்.

"பச்சையில செவப்பாப் பொறந்தவனும் இருந்திருப்பான். மைனா கண்ணுல பட்டான், போயிட்டான். போனவன் எப்புடிடி பிள்ள பெப்பான்? தப்புனவன் பிள்ளைக்குத்தான் தப்புன நெறம். இப்புடியே எத்தனையோ தலமொற போனா, சாதியே வேற ஆயிரும்." எதைப் பார்த்தாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: "தப்புனது எது? அது குஞ்சு பொரிச்சுச்சா?"

எங்கள் ஊர்க் கறுப்பருக்கு வருஷா வருஷம் கறுப்புச் சேவல்தான் வெட்டுவார்கள். ஒரு சிவப்பு இறகுகூட இருக்கக் கூடாது. சில வருஷமாகக் கறுப்புக் குஞ்சு பொரிப்பது குறைந்துகொண்டே வந்தது. சாமிக்குக் கோபம் என்று ஊரே பயந்தது. கோபம் தணிய, இருந்த கறுப்புச் சேவல்களையும் வெட்டினார்கள். மிஞ்சியது எங்கள் வீட்டில் ஒன்று. அதையும் ஆத்தா கறுப்பருக்கு நேர்ந்துவிட்டிருந்தாள்.

ஒருநாள் எங்கள் வீட்டில் இதைக் கேட்ட அமலி விழுந்து விழுந்து சிரித்தாள். "மைனா வேலைய நீங்களே பாக்குறீங்க ஆத்தா. கறுப்பையெல்லாம் வெட்டிட்டா செவலைதானே குஞ்சு பொரிக்கும்?"

"ஒங்க சாமிக்கு மெழுகுதிரி போதும். எங்க சாமிக்குப் பத்தாதுடி. வாய மூடிக்கிட்டுக் களியத் தின்னு" என்றாள் ஆத்தா.

அன்று மாலை சேவலைக் காணோம். காட்டுப்பூனை தூக்கிப்போய்விட்டது என்று நான்தான் சொன்னேன். சேவலோ அமலி வீட்டுப் பஞ்சாரக் கூடைக்குள், அவர்களுடைய செவலைக் கோழியோடு இருந்தது. "மொதல்ல குஞ்சு பொரிக்கட்டும். சாமி கும்பிடுக்கு முன்னாடி சேவலக் கொண்டாந்து விட்டுருவோம். ஒங்க சாமிக்கும் நட்டமில்ல" என்றாள். கோழி அடைக்கு உட்கார்ந்த பிறகுதான் ஆவூருக்குப் போனாள்.

இன்று துக்கம் கேட்கப் போனேன். அவள் அம்மா பஞ்சாரத்தைத் தூக்கிக் காட்டினார். உடைந்த ஓடுகளுக்கு நடுவே, பாதிக்குப் பாதி கறுப்புக் குஞ்சுகள். அழப் போனவள் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அமலியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது 'தப்புனது எது?' என்ற அந்தக் கேள்வியை. வகுப்பில் என் சித்தி மகள் வள்ளியும் இருப்பாள். அவள் வாயில் எதுவும் தங்காது. அவள் ஆத்தாவிடம் சொல்ல ஓடுவதற்கு முன், சேவலைக் கக்கத்தில் இடுக்கி, கறுப்புக் குஞ்சுகளை மடியில் கட்டிக்கொண்டு நானே வீட்டுக்குப் போவேன். அடி விழும். விழுந்து முடிந்ததும் மடியை அவிழ்ப்பேன்.