வகுப்பு முழுக்க ஒரே எண்ணிக்கை

நுண்ணுயிரியல் படிப்பு பாதி காத்திருப்பது, பாதி எண்ணுவது: இன்று தட்டில் ஊற்றியதை நாளை வந்துதான் எண்ண முடியும், அதையும் நேர்மையாக எண்ணினால் யாருக்கும் பிடிக்காது.

இருபத்து நான்கு வருஷம் வெளி மாநிலத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தேன். வேங்கிக்காலில் சின்னதாக ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் வைக்க ஆசை. அதன் அறிக்கையில் கையெழுத்துப் போட எம்.எஸ்சி. வேண்டும் என்றார்கள். அப்படித்தான் நாற்பத்தேழு வயதில், பயன்பாட்டு நுண்ணுயிரியல் வகுப்பில், என் மகளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். நடுவயதில் மறுபடியும் ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். நானும் உங்கள் பெஞ்சுதான்.

உறுதிமொழி

சேர்க்கை அன்று ஆபீஸ் கிளார்க் ஒரு படிவம் கொடுத்தார். யாரையும் ராகிங் செய்ய மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும், 'என் பிள்ளை செய்யாது' என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா இல்லை, அம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டார் என்றேன். இந்த வயதில் எனக்கு நானே பொறுப்பு என்றும் சொல்லிப் பார்த்தேன். என் கீழே பதினோரு பேர் வேலை பார்த்தார்கள், நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பாட்டில் மருந்து வெளியே போகாது என்பதையெல்லாம் அந்தக் கிளார்க்கிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது.

அவர் எனக்கு ஏதோ பெரிய சலுகை காட்டுகிறவர் போலச் சொன்னார்: "வீட்டுக்காரர் போட்டாலும் எடுத்துக்கறோம் மேடம். உங்க கையெழுத்து மட்டும்தான் செல்லாது."

நூற்று நாற்பத்திரண்டு

முதல் செய்முறை வகுப்பு பால். பாலைப் பலமுறை நீர்க்கச் செய்து, தட்டில் ஊற்றி, மறுநாள் முளைத்திருக்கும் புள்ளிகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமியிலிருந்து பெருகிய கூட்டம். ஒரே பாலை இரண்டு தட்டில் ஊற்றினால்கூட எண்ணிக்கை கொஞ்சமாவது முன்னே பின்னே இருக்கும். என் தட்டில் எண்பத்தேழு. மற்ற பதினேழு பேருக்கும் நூற்று நாற்பத்திரண்டு. பக்கத்தில் இருந்த நித்யா தட்டைத் திறக்கவே இல்லை. அவள் எண்ணியது போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து. அந்த சீனியருக்கு அதற்கு முந்தின சீனியர்.

ரெக்கார்டைத் திருத்திய பேராசிரியை, என்னைவிடப் பத்து வயது சின்னவர், என் எண்பத்தேழைச் சிவப்பு மையில் அடித்து மேலே 142 என்று எழுதினார். 'கவனக்குறைவு' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. எனக்கு ரத்தம் கொதித்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் எண்ணச் சொல்லலாம் என்று எழுந்தவளை நித்யா முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுங்கக்கா. கிருமிங்க எல்லாம் பொறக்குது, சாவுது. இந்த நூத்தி நாப்பத்திரண்டுக்கு மட்டும் சாவே கிடையாது."

முப்பத்தேழு டிகிரி

தட்டுகளை இன்குபேட்டரில் வைக்க வேண்டும், முப்பத்தேழு டிகிரியில், யாரும் தொடாமல். ஒரு நாள் காலையில் திறந்தால் என் தட்டுகள் வெளியே மேஜையில் ஜன்னல் வெயிலில் கிடக்கின்றன. உள்ளே மூன்று எவர்சில்வர் பாத்திரங்கள். ஆசிரியர் ஒருவருக்கு வழியனுப்பு விருந்தாம், அதற்குத் தயிர் உறைய வைத்திருந்தார்கள். கிருமி வளர்க்கும் பெட்டியில்.

இந்த வேலையை வேறு ஏதாவது துறை செய்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். ஆய்வகப் பணியாளர் ஏழுமலையைக் கூப்பிட்டு, கம்மியாகத் திட்ட வேண்டும் என்று ஆரம்பித்து ஜாஸ்தியாகவே திட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என் தட்டுகளையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க தட்டுல என்னா வரும்னு நாளைக்குத்தான் மேடம் தெரியும். இதுல தயிர்தான் வரும்னு எனக்கு இன்னிக்கே தெரியும்."

குழாய்க்கு ஆரத்தி

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு, பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்கள் குடிக்கும் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து அடி அண்ணாமலை வரை பாதையோரத்தில் ஏழு தொட்டிகள். குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் கிருமி பாட்டிலுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி முதலில் குழாயைச் சுட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் என்றால் உருகிவிடும், துடைப்பதோடு சரி. பித்தளைக் குழாயாக இருந்தது ஒன்றுதான், அதுவும் அடி அண்ணாமலையில். நித்யாவுக்கு அது சொந்த ஊர். துணைக்கு வந்திருந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கே கூட்டம். இடுக்கியில் எரியும் பஞ்சைப் பிடித்துக் குழாயைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறேன், பின்னால் இருந்து ஒரு கை வந்தது. சுடருக்கு மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அதற்குப் பின்னால் இன்னொரு கை. வரிசையே நின்றுவிட்டது. இது பூஜை இல்லைம்மா, தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறோம், முடிவு வருகிறவரை இதைக் குடிக்காதீர்கள் என்று நித்யா தொண்டை கட்டக் கத்தினாள். முன்னால் நின்ற அம்மா கையிலிருந்த பாட்டிலைக் குழாயடியில் வைத்து நிரப்பி, அங்கேயே மடமடவென்று பாதியைக் குடித்தார்.

"குழாய்க்கே தீபம் காட்டிட்டாங்க. இதுக்கு மேல என்னா சுத்தம் வேணும்னு சொல்லும்மா."

எட்டாவது வரிசை

மலம் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் கிருமி ஒன்று உண்டு. அதற்கான தட்டில் அது பச்சை உலோகம் போல மினுக்கும். ஏழு தொட்டிகளில் நான்கு மினுக்கின. பித்தளைக் குழாயும் அதில் ஒன்று. அந்த அம்மா பாதி பாட்டில் குடித்தது இரண்டு நாள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டலாம் என்று எங்கள் துறை வாசல் தொட்டியின் குடிநீரையும் அட்டவணையில் எட்டாவதாகச் சேர்த்திருந்தேன். அதுவும் மினுக்கியது.

அதே பேராசிரியைதான் எனக்கு வழிகாட்டி. எல்லாத் தொட்டிக்கும் 'குடிக்க உகந்தது' என்று எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். நீங்கள் பரீட்சைக்கு எழுதுகிறீர்களா, கலெக்டருக்கு எழுதுகிறீர்களா என்று கேட்டார். சரி, ஏழும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எட்டாவது வரிசையையாவது எடுத்துவிடுங்கள் என்று இறங்கி வந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை வெளியே போகாது. போகாவிட்டால் எனக்கு ஒரு வருஷம் வீண், வேங்கிக்கால் கனவும் அதோடு சேர்ந்து. மூன்று நாள் தூங்கவில்லை. மாற்றவும் இல்லை.

கடைசித் தேதியன்று அவர் மேஜையில் மற்ற பதினேழு பேரின் அறிக்கைகள். வழக்கம்போல எதையும் திறக்காமல், கடைசிப் பக்கத்தை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னுடையதை நீட்டி, எதையும் மாற்றவில்லை என்று சொன்னேன். பேனா நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் இதைப் படிக்கல. படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டேன். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

வைவா

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்கிறவர். மற்றவர்களின் எண்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன, உங்களுடையது மட்டும் ஏன் மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று கேட்டார். வழிகாட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் முன்புதான் எட்டு இடத்திலும் மறுபடி தண்ணீர் பிடித்து ஊற்றியிருந்தேன். அந்தத் தட்டுகளைப் பிஸ்கட் டின்னில் அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தேன்.

இரண்டு வருஷத்தில் என் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணிய முதல் ஆள் அவர்தான். உதடு அசைய, ஒவ்வொரு புள்ளியாக. எட்டாவது தட்டின் அடியில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைப் படித்தார். 'துறை வாசல் குடிநீர்.' மேஜையில் ஏழுமலை கொண்டுவந்து வைத்த டம்ளர் பாதி காலியாக இருந்தது. அதை மெதுவாக ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"மார்க் இருக்கட்டும்மா. நான் இப்ப குடிச்ச தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு, அதை முதல்ல சொல்லுங்க."

நான் பாஸ், நித்யாவுக்கு என்னைவிட எட்டு மார்க் கூட, துறைத் தொட்டியை மறுநாளே கழுவிவிட்டார்கள், மலையைச் சுற்றியிருக்கும் தொட்டிகளுக்குத்தான் இன்னும் வைவா நடக்கவில்லை.