மைக் அக்கா பாட்டு எடுக்கிறார்

வெந்நீரை ஒரு வாய் குடித்து, தொண்டையை இரண்டு விரலால் தடவி, "ம்ம்ம்" என்று முனகிப் பார்த்த பிறகுதான் மைக் அக்கா சுவிட்சைக் கட்டை விரலால் மேலே தள்ளுவார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற கணவன் மனைவிகூட வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லி முடித்ததும் உடனே அணைக்க மாட்டார். தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, எதிர்ச் சுவரில் மோதித் தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் 'டக்'. அறிவிப்பு அறையில் கூட வேலை பார்க்கிற பெண் சிரித்தால், "சும்மா இருடீ, போய்ச் சேந்துச்சான்னு பாக்க வேணாமா?" என்பார்.

அதெல்லாம் சாக்கு. அக்காவுக்குத் தன் குரல் மேல் கொள்ளை ஆசை. இருந்துவிட்டுப் போகட்டுமே! அப்படி ஒரு குரல் நமக்கு வாய்த்திருந்தால் நாம் மட்டும் சும்மா இருப்போமா? அவருடைய வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். வாயைத் திறந்தால் கிண்டல்தான். "எங்க வீட்டுல ரகசியமே கிடையாதுங்க. இவ என்னைத் திட்டுனா பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஆறுதல் சொல்ல வந்துடுவாரு" என்பார். அக்காவும் கூடவே சிரிப்பார்.

இவர்கள் போகும் சபை ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறிகள், மூலையில் உறை போட்டு மூடிய கீபோர்டு. அதை வாசித்தவர் வேலை மாற்றலாகிப் போன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் மைக் அக்காதான். முதல் வரியை அவர் எந்தச் சுருதியில் எடுக்கிறாரோ அதில்தான் சபை முழுக்கப் பாட வேண்டும். அக்கா எடுப்பது, அவருடைய குரல் எங்கே ஜொலிக்குமோ அங்கே. முதல் வரிக்கு எல்லோரும் இருப்பார்கள். இரண்டாவது வரியில் ஆண்கள் கழன்றுகொள்வார்கள். பாட்டு மேலே ஏறும் இடத்தில் தையல்காரம்மா மட்டும் கழுத்து நரம்பு புடைக்கத் தொற்றிக்கொண்டு வருவார். அப்புறம் அவரும் இல்லை. முடிந்ததும் பெருமூச்சோடு ஓர் ஆமென் எழும். "ஆண்டவர் குடுத்த வரம் சிஸ்டர் இது!" என்று படிக்கட்டு வரைக்கும் வந்து சொல்லுவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. வரம்தான்.

இது இப்படியே போயிருக்கும். ஒரு வாரம் அக்காவுக்குச் சளி பிடித்துத் தொண்டை அடியோடு அடைத்துக்கொண்டது. காற்றுதான் வந்தது. வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில், வாசலோரமாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் வாட்ச்மேன். வங்கி வாசலில் காவல் நிற்பவர். முன்பெல்லாம் அவரும் அவர் மனைவியும் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். மனைவி தவறிய பிறகு புத்தகம் கொண்டுவருவதில்லை. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி ஜெபத்துக்கு முன்னால் நழுவிவிடுவார்.

தையல்காரம்மா நடுங்கிக்கொண்டே பாட்டை எடுத்தார். பயத்தில் குரல் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஐயோ, பாட்டு படுத்துவிடும் என்றுதான் அக்கா நினைத்தார். ஆனால் சபை பாடியது. முழுச் சபையும்! போதகர் ஐயாவுக்கு இப்படி ஒரு கட்டைக் குரல் இருப்பதை அக்கா அன்றைக்குத்தான் கேட்டார். தன் வீட்டுக்காரர் எல்லா வரியையும் தப்பாக, அதுவும் ஆனந்தமாகத் தப்பாகப் பாடுவதையும் கேட்டார். பக்கத்தில் ஏதோ கரகரத்தது. ரொம்ப நாள் நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டரை உதைக்கிற மாதிரி விட்டுவிட்டு வந்தது. வாட்ச்மேன் பாடிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் அவர் அக்கா பக்கம் சாய்ந்து, "இன்னைக்குத்தான் சிஸ்டர் பாட்டு நமக்கு எட்டுச்சு" என்றார். "உண்மையச் சொன்னா, வர்றதையே நிறுத்திடலாம்னு இருந்தேன். நான் வந்தாலும் வராட்டியும் இங்க ஒண்ணுதானே." யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று அவர் யோசிக்கவே இல்லை. மனதில் வஞ்சம் இல்லாத மனுஷன். அதனால்தான் அது அக்காவுக்கு அப்படிச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சத்தமே இல்லாமல் அழுதார். அழக்கூடக் குரல் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது.

"நான் இல்லாம நல்லாத்தான் பாடறாங்க" என்று வீட்டுக்காரரின் காதில் காற்றாகச் சொன்னார். "இனிமே நான் எடுக்கல. தையக்காரம்மாவே எடுக்கட்டும்."

வீட்டுக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். "இது கோவமா, தாழ்மையா?"

"ரெண்டும்தான்."

"அடப் போம்மா. குளிரு ஜாஸ்தியா இருக்குன்னு யாராவது ஏ.சி.யக் கழட்டி என்கிட்ட குடுக்கறாங்களா? கொறச்சு வைக்கத்தானே சொல்றாங்க."

குரல் திரும்பியது. அக்கா குறைத்து வைக்கப் பழகினார். சபைக்கு முன்கூட்டியே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டு, ஏறி வருகிற ஒவ்வொருவரிடமும், "நல்லா இருக்கீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். மைக் அக்காவுக்கு இப்போதெல்லாம் பாசம் பொங்குகிறது என்று சனங்கள் பேசிக்கொள்கிறார்கள். முதலில் அது பாசம் இல்லை. பதில் எந்தச் சுருதியில் வருகிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஆனால் முட்டி வலியைக் கேட்டுக் கேட்டு, அடுத்த வாரம் அது குறைந்ததா என்ற கவலையும் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. அறிவிப்பு அறையில் ஓய்வு கிடைத்தால் தணிந்த குரலில் பாடிப் பார்க்கிறார். "என்னக்கா, இன்னும் உடம்பு சரியில்லையா?" என்று கூட இருக்கிற பெண் கேட்டாள். "பெருசா பாடறது சுலபம்டீ. சின்னதா பாடத்தான் மூச்சு முட்டுது" என்றார் அக்கா.

சபையில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. ஒரு மூப்பர் நேராகவே கேட்டுவிட்டார்: "என்ன சிஸ்டர், முன்ன மாதிரி இல்லையே? வரம் போயிடுச்சா?" அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "போகல பிரதர். பங்கு போடறேன்" என்றார். அன்றைக்கு முழுக்க அக்கா வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே விழுந்தன.

இத்தனையும் யாருக்காகச் செய்தாரோ அந்த வாட்ச்மேனைக் காணோம். வாராவாரம் வாசலோர நாற்காலி காலியாகவே இருந்தது. நிறுத்தியே விட்டாரோ என்று அக்கா பாட்டுக்கு நடுவிலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிடலாம் என்றால் எந்த முகத்தோடு போவது? போதகர் ஐயா விசாரித்து வந்து, அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காவல் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் அக்காவுக்குச் சோறு இறங்கியது.

போன ஞாயிறு வந்துவிட்டார். அதே நாற்காலி, மடியில் அதே பை. அக்கா மைக்கைக் கையில் எடுத்தார். தையல்காரம்மா அன்று எடுத்த அதே பாட்டை, அதே தணிவில் எடுத்தார். சபை சேர்ந்துகொண்டது. வாட்ச்மேன் வாயைத் திறக்கவில்லை. முதல் சரணம் அப்படியே போனது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு மூச்சு நிற்பது அந்தச் சபையின் பழக்கம். அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நிசப்தத்தில் அவர் மட்டும் தனியாக உள்ளே பாய்ந்துவிட்டார், அதுவும் பாட்டின் சுருதிக்கு வெகு கீழே, உடைந்த குரலில்.

முன்வரிசைத் தலைகள் திரும்பின. வாட்ச்மேனுக்கு முகம் செத்துவிட்டது. பையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். இன்றைக்கு எழுந்து போனால் இந்த மனுஷன் இனி வரப்போவதில்லை. அது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது.

சபை மூச்சைப் பிடித்திருந்த அந்த இடைவெளியில், ஒருநாளும் சுருதி தவறாத மைக் அக்கா தன் சுருதியை விட்டுவிட்டு, அவர் குரல் நின்ற இடத்துக்கே இறங்கி, அவர் தொடங்கிய வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். தையல்காரம்மா திகைத்துப்போய்ப் பார்த்தார், பிறகு அவரும் இறங்கினார். மெக்கானிக்குக்கு எந்தச் சுருதியும் ஒன்றுதான், அவர் நிறுத்தவே இல்லை. சபை தடுமாறி, தட்டித் தடவி, கீழே வந்து சேர்ந்தது. வாட்ச்மேன் உட்கார்ந்தார். பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். பாடினார்.

அக்காவின் கட்டை விரல் மைக்கின் சுவிட்சைத் தேடியது. 'டக்'. அவருடைய உதடுகள் மூடிக்கொண்டன. தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது.