மேனேஜர் ஏன் சாப்பிடவில்லை

எங்கள் அண்ணிக்கு, கதவருகே நிற்பவரை உள்ளே கூப்பிடாமல் இருக்கத் தெரியாது. அது பிறவிக் குணமா, தொழிலால் வந்ததா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேஜை வேலை அவருக்கு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. கண்ணாடிக் கதவு திறந்தால் தலையைத் தூக்கி, "வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் குரலே பாதி மருந்து என்று டாக்டர் சொல்வாராம். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் மட்டும் அவருக்கு அந்தப் பாதி மருந்து மறந்துபோய்விடும்.

நான் அவருடைய நாத்தனார். நாத்தனார் அண்ணியை மெச்சினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பாதவர்கள் போகட்டும். அவரை விட்டுவிட்டுப் போனவன் என் கூடப் பிறந்த அண்ணன்தான். வேறு ஊர், வேறு வேலை, கூடவே வேறொருத்தி. மூத்தவனை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். மரியாதையை அவனே பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெட்டியோடு இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டான், ரேடியோவையும் எடுத்துக்கொண்டான். அவனே ஆசைப்பட்டு வாங்கி வந்த நாயை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அவன்தான். வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும், எல்லோரும் வேலை செய்கிறார்களா என்று பார்க்கும், தான் ஒரு துரும்பையும் நகர்த்தாது. பழுப்பு நிறம், குட்டைக் கால், எப்போதும் ஏதோ குறை கண்டுபிடித்த மாதிரி ஒரு முகம். என்னைக் கண்டால் அதற்கு ஆகாது, அதைக் கண்டால் எனக்கும் ஆகாது.

அண்ணன் போன பிறகு அது கொஞ்ச நாள் கதவடியிலேயே படுத்துக் கிடந்தது. அப்புறம் சாப்பாடு குறைந்தது. தட்டில் வைத்ததை முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அண்ணி ஒருமுறை கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் கையைக்கூட வைக்காமல், வயதாகிவிட்டது என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். அண்ணி அதை நம்பவில்லை.

"வயசாவது ஒண்ணாவது. அவர நெனச்சு ஏங்கறான். எனக்குத் தெரியாதா" என்பார்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அண்ணன் போன மறுநாளே கிளினிக்குக்குப் போய் மேஜையில் உட்கார்ந்தவர் அவர். யாராவது துக்கம் விசாரிக்க வாயெடுத்தால், "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். இவன்தான் பாவம், சாப்பிடவே மாட்டேங்கறான்" என்று நாயைக் காட்டிவிடுவார். வந்தவர்களும் நாயிடம் விசாரித்துவிட்டுப் போவார்கள். அவனுக்காகப் பட்டினி கிடக்கிற ஒரு ஜீவன் அந்த வீட்டில் இருந்தது. அண்ணிக்கு இருந்த ஒரே துணை அதுதான். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, நாய்க்கு விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது, அண்ணி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் முனகுவதாகக் கீழ்வீட்டுக்காரி சொன்னாள்.

ஒரு நாள் அவர் வேலை முடிந்து வந்தபோது கதவிடுக்கில் ஒரு சீட்டு செருகியிருந்தது. விலங்கு நல ஆய்வாளர்கள் வந்து போனார்களாம். இந்த வீட்டில் நாயைப் பட்டினி போடுவதாகப் புகாராம். வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் வருவார்களாம். அண்ணி எனக்குப் போன் செய்தார். நாயைப் பட்டினி போடுகிறவள் என்று தன்னை எழுதியது அவருக்கு உறைக்கவே இல்லை.

"இவனத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். நீதிபதிகள் சொல்வதை அடித்து அடித்து, அவர்கள் விடுமுறை எடுத்தால் தானே போய் உட்கார்ந்துவிடலாம் என்கிற நினைப்பு அவருக்கு உண்டு. விஷயத்தைச் சொன்னதுமே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அக்கா, பதறாதீங்க" என்றார் அண்ணியிடம். "இது உங்க வீடு. கோர்ட் உத்தரவு இல்லாம யாரும் உங்களக் கேக்காம உள்ள காலெடுத்து வைக்க முடியாது. கண்ணுக்கு முன்னாடி நாய் செத்துக்கிட்டிருந்தா அது வேற. முதல்ல அடையாள அட்டையக் கேளுங்க. கதவுல நின்னே பேசுங்க. மரியாதையா பேசுங்க, பொய் மட்டும் சொல்லாதீங்க. எதுல கையெழுத்து கேட்டாலும் படிச்சிட்டுத் தரேன்னு சொல்லுங்க. நாயை எழுதிக் குடுன்னு கேட்டா, குடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல."

"கதவுல நிக்க வெச்சா பேசறது?" என்றார் அண்ணி.

"ஆமா. நீங்களா உள்ள கூப்பிட்டுட்டா கூப்பிட்டதுதான். அப்புறம் அவங்க கண்ணுல பட்டதெல்லாம் எழுதிக்கலாம்."

அதோடு விட்டாரா மனுஷர். ஒத்திகை வேறு. இவர் வெளியே போய் நின்று கதவைத் தட்டுவார், அண்ணி திறந்து, "யாரு நீங்க? அட்டையக் காட்டுங்க. என்ன வேணும்னாலும் இங்கயே பேசலாம்" என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு தடவை அண்ணி சிரித்துவிட்டார். அப்புறம் பாடமாகிவிட்டது. கடைசித் தடவை குரலில் கொஞ்சம் மிரட்டல்கூட வந்தது. என் வீட்டுக்காரர் தட்டிய கையைத் தேய்த்துக்கொண்டு, "பாஸ் ஆயிட்டீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் துணைக்கு இருந்தோம். மேனேஜர் மேஜைக்கு அடியில் கிடந்தது. அண்ணி கிளினிக்கிலிருந்து நேராக வந்தவர், உடையைக்கூட மாற்றவில்லை. மணி அடித்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தார். கையில் பைலோடு ஒரு பெரியவரும், தோளில் பையோடு ஒரு இளம்பெண்ணும் நின்றார்கள்.

"வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்றார் அண்ணி. "அப்பாயின்ட்மென்ட் இருக்குங்களா?"

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சொல்லிவிட்ட பிறகுதான் அண்ணிக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமா அது.

பைல்காரர் குறை சொல்ல முடியாத மனுஷர். கேட்காமலே அட்டையைக் காட்டினார், செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டார். ஆனால் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, "நாயோட நெலம நல்லா இல்லம்மா. இன்னிக்கே எங்க காப்பகத்துக்குக் கொண்டுபோறதுதான் நல்லது. சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா சுலபமா முடிஞ்சிரும்" என்றார்.

"இவன் அவர நெனச்சு ஏங்கறாங்க" என்றார் அண்ணி. "எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு. அதுலேருந்து சாப்பிட மாட்டேங்கறான். நான் பட்டினி போடல. அங்க வேற முகம் பாத்தா இன்னும் ஏங்கிருவான்."

பைல்காரர் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவை நீட்டினார். அண்ணியின் கை அதை வாங்கப் போனதை நான் பார்த்தேன். யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்கிற கை அது.

"அக்கா, வாங்காதீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "உள்ள கூப்பிட்டது நீங்க. இப்ப போகச் சொல்லவும் உங்களால முடியும். ஆனா அத நான் சொல்லக் கூடாது, வீட்டுக்காரங்க நீங்கதான் சொல்லணும்."

பைல்காரர் மறுக்கவில்லை. "அவர் சொல்றது சரிதாம்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அண்ணி யாரையும் வெளியே போகச் சொன்னதில்லை. என் அண்ணனைக்கூடச் சொன்னதில்லை. அவன் பெட்டி கட்டியபோது பூட்டு சரியாக விழவில்லை என்று அழுத்திப் பிடித்துக்கொண்டவர். எழுந்தார். பேனா நீட்டியபடியே இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். "கொஞ்சம் வெளிய போங்க. உத்தரவு இருந்தா கொண்டு வாங்க. இவனத் தர மாட்டேன்."

அவர்கள் எழுந்து போனார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. வெளியே படிக்கட்டு முகப்பில் நின்று பைல்காரர், உத்தரவு வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அண்ணி கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவரை பேசாமல் இருந்த அந்தப் பெண் அப்போதுதான் பேசினாள்.

"அம்மா, உள்ள வரல. எடுத்துட்டும் போகல. உள்ள உக்காந்திருந்தப்போ அவன் வாயிலேருந்து ஒரு வாடை வந்துச்சு. நீங்களே தூக்கிட்டு வந்து பிடிச்சுக்குங்க. உதட்ட மட்டும் ஒரு தடவ தூக்கிப் பாத்துக்கறேன். வேண்டாம்னா வேண்டாம்."

அண்ணி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உங்க இஷ்டம் அக்கா" என்றார் அவர். அண்ணி போய் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு வந்து நிலைப்படிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அந்தப் பெண் உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு, டார்ச்சை அடித்து உதட்டைத் தூக்கினாள். நாய் வீல் என்று கத்தியது.

"இங்க பாருங்க" என்றாள். "கடவாப்பல்லு வேர் வரைக்கும் சொத்த. பக்கத்துல சீழ் கட்டியிருக்கு. ரொம்ப நாளாயிருக்கும். பசிக்காம இல்லம்மா இவனுக்கு. கடிக்க முடியல."

அண்ணி குனிந்து பார்த்தார். பல்வலிக்காரர்களை உட்கார வைத்தே காலம் போன பெண்பிள்ளை, அந்த வாய்க்குள் பார்த்தபடியே இருந்தார். "பல்லா?" என்றார். இன்னும் கிட்டக் குனிந்து மறுபடியும், "பல்லா?" என்றார்.

மிச்சத்தை என் வீட்டுக்காரர் பேசி முடித்தார். எங்கள் செலவில், நாங்கள் பார்த்துவைத்த டாக்டரிடம் பல்லைப் பிடுங்குவது. ஒரு வாரத்துக்குள் டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுவது. அதுவரை நாய் இங்கேயே இருப்பது. பைல்காரர் அதையே எழுதினார். அண்ணி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போகும்போது புகார் கொடுத்தது யார் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டார்களாம். எனக்குக் கீழ்வீட்டுக்காரி மேல் சந்தேகம். அன்றைக்கு அவளைத் திட்ட நினைத்த எனக்கு, இப்போது திட்ட வாய் வரவில்லை.

மறுநாளே வேறொரு டாக்டரிடம் போனோம். அந்தப் பல்லோடு பக்கத்துப் பல்லையும் எடுத்தார். சில நாள் பாலும் கரைத்த கஞ்சியும். சீட்டைக் காட்டியதும் பைலை மூடிவிட்டார்கள். நாய் எங்களுக்கே என்று ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் கறி வாங்கிக்கொண்டு போனேன், எனக்கு ஆகாத அந்த மேனேஜருக்கு.

அண்ணி அதை வேகவைத்து, பிய்த்து, தட்டில் போட்டு வைத்தார். மேனேஜர் முகர்ந்து பார்க்கவெல்லாம் இல்லை. குனிந்த தலை நிமிரவில்லை. தட்டு தரையில் நகர நகரத் தின்றது. தின்று முடித்து வாலை ஆட்டியது. அண்ணி மறுபடியும் போட்டார், அதுவும் போன இடம் தெரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணி, என்ன வெளுத்துக் கட்டறான்" என்றேன்.

அண்ணி கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப இவன் அவர நெனைக்கவே இல்லியா?" என்றார்.

"நாய்தானே அண்ணி" என்றேன்.

"நாங்க ரெண்டு பேருன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவினார், கழுவியதையே மறுபடியும் கழுவினார். அப்புறம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார், நான் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல். மேனேஜர் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் நிறுத்தியது. அதற்கு இன்னும் வேண்டுமாம்.